இருபத்தேழாம் படிவம்

அன்பு மருமகளுக்கு மாமா எழுதுவது.

நீ அங்கே சுகமாக இருப்பாய், நானும் உன் அம்மாவும் இங்கே சுகமாக இருப்போம் என்று போன கடிதத்திலேயே சொல்லியிருந்தேன், அப்படியே இருக்கிறோம். நான் சொல்லி எது நடக்காமல் போயிருக்கிறது? ஐம்பத்திரண்டு வயதில் சமூகவியல் படிக்கப் போகிறேன் என்று உன் அம்மா கிளம்பிய அன்றைக்கே, இவள் பாதியில் மூட்டை கட்டிவிடுவாள் என்று கடை வாசலில் நின்று நாலு பேர் அறியச் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை கட்டிவிட்டாள். நிஜமாகவே மூட்டை. புத்தகம், நோட்டு, படிவம் எல்லாவற்றையும் பழைய படுக்கை விரிப்பில் குவித்து, ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அழுக்குத் துணிக்குப் போடுவாளே அதே முடிச்சைப் போட்டு, பீரோ மேல் ஏற்றிவிட்டாள். நீ போனை வைத்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை.

அந்தப் படிப்பின் லட்சணத்தை நீ நேரில் பார்த்திருக்க வேண்டும். பள்ளி முடிக்காதவர்களும் சேரலாமாம், ஒன்றரை வருஷம் படித்தால் சான்றிதழாம். ஞாயிறு காலை ஒரு ஆரம்பப் பள்ளியில் வகுப்பு, ஏழு வயதுப் பிள்ளைகளின் பெஞ்சு. முழங்கால் உள்ளே போகாமல் ஒரு வாட்ச்மேன், ஒரு தையல்கார அம்மா, ரிட்டையராகப் போகிற பஸ் கண்டக்டர் எல்லாரும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருப்பார்கள். உன் அம்மாவுக்குக் குடை கொடுக்கப் போனபோது கண்ணாரப் பார்த்தேன். கூட்டம் என்றால் என்ன என்று வாத்தியார் பாடம் எடுக்க, கண்டக்டர் எழுந்து, "சார், முப்பது வருஷமா அதுக்குள்ளதான் நிக்கிறேன், என்னைக் கேளுங்க" என்றார். பக்கத்து வீட்டை வெறுமனே எட்டிப் பார்த்தால் வம்பு, கையில் படிவத்தோடு எட்டிப் பார்த்தால் சமூகவியலாம். இதற்கு ஒரு புத்தகம், அதற்கு ஒரு பரீட்சை. இருபத்திரண்டு வருஷமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், இந்த ஊரில் டாக்டர் பட்டம் வாங்கியவன் எவனும் என் மெஷினைத் தொடாமல் வாங்கியதில்லை. தாளின் சூடு ஆறுவதற்குள் அத்தனையும் படித்துவிடுவேன். "நீங்க மட்டும் காலேஜுக்கு வந்திருந்தா எங்களுக்கு வேலை போயிருக்கும்" என்று ஒரு பேராசிரியரே சொன்னார். இரண்டு பேராசிரியர்கள் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

கடைசி வேலையாக, நாற்பது வீடுகளில், படிப்பைப் பாதியில் விட்டவர் யார், ஏன் விட்டார் என்று கேட்டுப் படிவத்தில் எழுதி, அதை வைத்து ஒரு அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார் வாத்தியார். சொல்கிறவர் சொன்னதைச் சொன்னபடியே எழுத வேண்டும், ஒரு வார்த்தை திருத்தக்கூடாது, இதுதான் சட்டமாம். இருபத்தேழாவது ஆளாக என்னைப் பிடித்தாள். கூடப்பிறந்தவனை, தெரியாதவனைப் போல எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, "உங்க வீட்டுல படிப்ப விட்டவங்க யாரு, ஏன் விட்டாங்கன்னு சொல்லுங்க" என்று கேட்கிறாள், அதுவும் வாங்க போங்க என்று! நான் விடுவேனா? நீ சின்ன வயதிலிருந்து என்னிடம் கேட்ட கதையைத்தான் சொன்னேன். அக்கா ஒன்பதாவதில் தோற்றாள், படிப்பு மண்டையில் ஏறவில்லை, அதனால் வீட்டில் நின்றாள், தம்பி கெட்டிக்காரன், அவனை மேலே படிக்க வைத்தார்கள் என்று. சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். தலை நிமிராமல் எழுதினாள். எழுதி முடித்து, "வேற ஏதாவது சொல்லணுமா?" என்றாள். எனக்கே ஒரு மாதிரியாகி, "ஏன்க்கா, நீ ஒண்ணும் சொல்லலையா?" என்றேன். "நான் நினைக்கிறத எழுத இதுல கட்டம் இல்லடா" என்றாள், அடுத்த படிவத்தை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு நாள் கழித்து நாற்பதும் என் மெஷினுக்கு வந்தன. இருபத்தேழாவது தாள் மூன்று முறை சிக்கியது. நல்ல மெஷின், அப்படிச் சிக்குகிற மெஷினே இல்லை.

இந்த நேரம் பார்த்து நீ போன் பண்ணி, "ஒன்பதாவதுலயே தோத்தவங்கன்னு மாமா சொல்லுவாரே, இப்ப எதுக்கும்மா இந்தக் கஷ்டம், பேசாம என்கூட வந்து இரு" என்றாயாம். போனை வைத்த கையோடு அவள் மூட்டையைக் கட்டினாள். இருபத்தைந்தாம் தேதிக்குள் அவள் அறிக்கை எழுதிக் கொடுக்காவிட்டால் ஒன்றரை வருஷமும் வீண், சான்றிதழ் கிடையாது. நான் சொல்லிப் பார்த்தேன், "நீ சொன்னதுதான் நாப்பதுல ஒண்ணா எழுதியாச்சே, போதும்" என்று வாயை அடைத்துவிட்டாள். நீ சொன்னால் இறக்குவாள். அந்தப் படிப்புக்காக நான் பரிந்து பேசுகிறேன் என்று நினைக்காதே, இப்போதும் அது வெட்டி வேலைதான். நாற்பது படிவத்தையும் மூன்று பிரதி எடுத்து வைத்திருக்கிறேன், பைண்டிங்கும் போட்டாயிற்று, நாளைக்கு அந்தக் கண்டக்டர் சான்றிதழை வாங்கிக்கொண்டு என் கடை வழியாகப் போனால் நான் எந்த முகத்தோடு நிற்பது?

குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. வேலையில் உனக்கு மேலே இருப்பவளிடம் வாயைக் கொடுக்காதே, அந்தக் குணம் என்னிடமிருந்து வந்தது. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும் என்று வாயார வாழ்த்துகிறேன். இதைப் படித்த கையோடு அம்மாவுக்குப் போன் போடு, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
எல்லாம் முன்பே தெரிந்த உன் மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன்னால் ஒன்று. என் படிவத்தை அவள் திருத்த மாட்டாள், அதனால் உன்னிடம் சொல்கிறேன். அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு இரண்டு மார்க் பட்டியல் வந்தது, ஒன்றில்தான் சிவப்பு மை, அது என்னுடையது. அக்கா வகுப்பிலேயே முதல். எங்கள் அம்மா படுத்த படுக்கையானதால் யாராவது ஒருவர் வீட்டில் நிற்க வேண்டியிருந்தது, தோற்றவன் நிற்கட்டும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. மற்றதெல்லாம் நான் எழுதியபடிதான். அவள் தோற்றாள் என்பது மட்டும் நான் கட்டிய கதை.