படகுச் செயலிக்கு ஒரு தலைவர்

ஆக. 5, செவ்.
விடியவே கச்சான் காற்று. மேசையெல்லாம் மண். குழாயில் தண்ணீர் இல்லை.

அறக்கட்டளைக்கு மிச்ச வேலை: வங்கிக் கணக்கு, முத்திரை, யாப்பு விதிகள், தலைவர்!!

ரிஸ்வான் கிண்ணியாவில் இருந்து வந்தான். படகுச் செயலியை அவனும் நானும்தான் எழுதினோம். வலை போடும் இடத்தைக் குறித்து வைத்தால் டவர் இல்லாத கடலிலும் போன் அங்கே திரும்பக் கூட்டிப் போகும். இலவசம். நிரலும் திறந்தே கிடக்கிறது, யாரும் பார்க்கலாம், திருத்தலாம். ஒருவரும் இதை விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்றுதான் இந்த அறக்கட்டளை.

செயலியை முதலில் பாவித்தவர் ரிஸ்வானின் அண்ணன், நாசர் காக்கா. "எங்கட இடம் இன்னொருத்தனுக்குத் தெரிஞ்சா எங்கட அடுப்பு எரியாது தங்கச்சி" என்றார். குறித்த இடம் போனை விட்டு வெளியே போகாது என்று என் வாயால் சொன்னேன். அந்தச் சொல்லை நம்பித்தான் மற்றப் படகுகளும் சேர்ந்தன.

ஆக. 8, வெள்.
தலைவர் கிடைத்துவிட்டார். கோயிலோ, விளையாட்டுக் கழகமோ, மரண உதவிச் சங்கமோ, இங்கே எதற்கும் ஒரு பெரிய மனிதர் வேண்டும். நாங்கள் இருவர் மட்டும் போய் நின்றால் அரசாங்கக் கந்தோரில் உட்காரக் கதிரைகூடத் தரமாட்டார்கள். ஆகவே ஞானசேகரம் ஐயா. பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கூட வந்ததும் ஒரே சிரிப்பும் பிளேன்டீயும். கையோடு கையெழுத்து.

எனக்குப் பெருமைதான். ரிஸ்வான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. "ஐயாக்கு செயலி எண்டா என்னண்டே தெரியாதே அக்கா."
"தெரியாட்டி நல்லம். தலையிடமாட்டார்."

ஆக. 12, செவ்.
ஐயா வீட்டில் கூட்டம். மூன்று புது முகங்கள், எல்லாம் கொழும்பு, ஐயாவின் மருமகன் கூட்டிவந்தவர்கள். இனி உறுப்பினர்களாம். கை உயர்த்தச் சொன்னார், உயர்த்தினோம். அவர் வீட்டு வடையைத் தின்றுகொண்டு எப்படி மறுப்பது?

குசினி வாசலில் மருமகன், என்னிடம் மட்டும்: "படகுகள் எங்க போகுதெண்டு உங்களுக்குத் தகவல் வாறேல்லையா?"
"இல்லை."
"வரச் செய்யலாமோ?"
"ஏலாது."
சிரித்தான். அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

பிறகு ஐயா: "பிள்ளை, புதுப் பதிப்பு அனுப்புற கடவுச்சொல் தனி ஆக்களிட்ட இருக்கக்கூடாது. அறக்கட்டளையிட்டதான் இருக்கவேணும். அதுதானே முறை?"

முறைதான். யாப்பில் நானே எழுதியது. கொடுத்தேன்.

ஆக. 14, வியா.
காலைச் சாப்பாட்டுக்குப் பாண் வாங்க மறந்தேன். கடவுச்சொல் வேலை செய்யவில்லை, மாற்றிவிட்டார்கள். ஐயா போன் எடுப்பதில்லை. மருமகனிடம் இருந்து ஒரு வரி: 'அடுத்த கூட்டத்தில் கதைப்போம்.' அடுத்த கூட்டம் எப்போது என்று இல்லை. பயமாக இருக்கிறது.

ஆக. 16, சனி
காற்று விழுந்துவிட்டது. ஒரு இலை அசையவில்லை.

செயலிக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. நான் எழுதவில்லை, ரிஸ்வானும் எழுதவில்லை. எங்கள் பெயரில் வந்திருக்கிறது. திறந்து கிடக்கும் நிரலில் அந்த மாற்றம் இல்லை. என் போனில் போட்டுப் பார்த்தேன். குறித்த இடங்களை எல்லாம் வெளியே எங்கோ அனுப்புகிறது.

ரிஸ்வான்: "எல்லாரும் போட்டிருப்பாங்க அக்கா. நாங்க அனுப்பினா யோசிக்கமாட்டாங்க."

செயலியை அழிக்கச் சொல்லி ஆளுக்கொரு பக்கம் அழைத்தோம். பாதிப் பேர் கடலில். நாசர் காக்கா மட்டும் எடுத்தார். டவர் விட்டு விட்டு.

"என்ட இடத்துல ரெண்டு பெரிய போட் நிக்குது தங்கச்சி. பேரும் இல்ல, நம்பரும் இல்ல. எங்கட வலைய அறுத்துட்டானுகள். இப்ப எங்கட பக்கம் திருப்புறான்."

திரும்பி வாங்கோ, வலையை விடுங்கோ என்று கத்தினேன்.

"இந்த இடத்த என்ட மகனுக்கும் நான் சொன்னதில்ல. ஒங்கட போன் சாமானுக்கு மட்டுந்தான் சொன்னன்."

லைன் அறுந்தது.

பின்னேரம். துறையில் இருந்து ரிஸ்வான் அழைத்தான். மற்றப் படகெல்லாம் வந்துவிட்டனவாம்.