வாளில் உன் மோதிர விரல்

உப்புத்தாளும் தையல் மெஷின் எண்ணெயும் வாங்கிக்கொண்டு உன் அப்பா இன்று காலை வேளச்சேரிக்கு வந்துவிட்டார். நீ இல்லாத முதல் ஆயுத பூஜை. இந்த வருடம் நம் வீட்டில் பண்டிகை கிடையாது. "பூஜதான் கூடாது மாப்ளே, கத்தியத் தொடைக்கக் கூடாதுன்னு யார் சொன்னா?" என்றார். எண்ணெய் வாசனை வந்ததும் நீ உட்காரும் இடத்தைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.

கல்யாணமான புதிதில் அந்தப் பட்டாள வாளை மயிலாப்பூர் வீட்டுப் பரணிலிருந்து அவர்தான் எடுத்துக் கொடுத்தார். ஏதோ ராஜா காலத்தது என்று உங்கள் வீட்டில் பேச்சு. தொழிற்சாலையில் அளவு சரிபார்க்கிற எனக்கு அது போதவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். கைப்பிடியில் பிரிட்டிஷ் ராணியின் முத்திரை. அலகிலோ அவருக்குப் பின் வந்த ராஜாவின் முத்திரை. உறை இன்னும் பிந்தையது போலிருந்தது. நோட்டில் மூன்றுக்கும் எதிரே கேள்விக்குறி போட்டேன்.

"இன்னா சார், கத்திக்கு வயசு கண்டுபிடிச்சாச்சா?" என்று எட்டிப் பார்த்தாய்.

"எந்தப் பாகத்தோட வயசச் சொல்றது?"

"என் வயச மட்டும் எல்லார்கிட்டயும் கரெக்டா சொல்லு!"

போன ஆயுத பூஜையன்று நான் குளித்துவிட்டு வருவதற்குள் என் வெர்னியர் அளவுகோல், உன் லேப்டாப், ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்திருந்தாய். வாளுக்கும்தான். சரியாக ராஜாவின் முத்திரை மேல், ஈரச் சந்தனம்.

"வெறும் கையால தொடாதன்னு எத்தன தடவ சொல்றது? துருப்பிடிக்கும்!" என்று கத்தினேன்.

"சாமிக்கு க்ளவுஸ் போட்டுக்கிட்டா பொட்டு வைப்பாங்க?"

வைத்தவளே துடைக்கட்டும் என்று நானும், கத்தினவனே துடைக்கட்டும் என்று நீயும் நாலு நாள் வீம்பாக விட்டுவிட்டோம், பிறகு மறந்தே போனோம். தை மாதம் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் நீ திரும்பவே இல்லை.

"என்ன மாப்ளே, இங்க இப்படித் துரு ஏறிக் கெடக்கு! அவ இருந்திருந்தா விட்டிருப்பாளா?" உன் அப்பா உப்புத்தாளைக் கிழித்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அது அவ வச்ச பொட்டு, மாமா."

லென்ஸைக் கொடுத்தேன். பழுப்பு நிறத்தில் உன் விரல் அளவுக்கு ஒரு வட்டம். வெகு நேரம் பார்த்தார். உப்புத்தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் அரிக்குமா?"

"எண்ணெ போட்டா நிக்கும்னு நெனைக்கிறேன்."

"அப்ப போடுங்க."

போட்டேன். செய்தது சரிதானா என்று தெரியவில்லை. வேலையில் இப்படி ஒரு பொருள் வந்தால் யோசிக்காமல் தேய்த்துவிடுவேன். அவர் போன பிறகு நோட்டை எடுத்தேன். பிடி, அலகு, உறை. மூன்று கேள்விக்குறிகளும் அப்படியே இருந்தன. நாலாவது வரியாக எழுதினேன்: பொட்டு, போன ஆயுத பூஜை, காலை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது.

அதற்கு எதிரே கேள்விக்குறி போடவில்லை.