கரும்பலகைக்கு எடுத்த பாடம்

குட்டிப் பிசாசுக்கு,

போனில் கேட்டால் "எல்லாம் ஓகே" என்றுதான் சொல்வேன். அதனால் எழுதுகிறேன்.

இங்கே புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு ஒரு குழு உண்டு. ஒருவர் வகுப்பில் இன்னொருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெட்டி வேலை என்று நினைத்தேன். எனக்கு வாய்த்த ஜோடி, என்னோடு சேர்ந்த வேதியியல் மேடம். என் கணக்கு வகுப்பு முடிந்ததும் கேன்டீனில் போட்டு உடைத்தார்.

"சார், நீங்க போர்டுக்குத்தான் பாடம் எடுக்கறீங்க. அது கண்டிப்பா பாஸாயிடும்."

"பசங்களுக்கு அடிப்படையே தெரியலைங்க."

"வலது கையால எழுதறீங்க, இடது கையால அழிச்சுட்டே போறீங்க. நான் நோட்டுல எழுதறதுக்குள்ள வரியே காணோம்."

சுருக்கென்றது. மறுநாள் அவர் வகுப்பில் உட்கார்ந்துவிட்டு, "உங்க குரல் மூணாவது பெஞ்சைத் தாண்டலை" என்றேன். "அதைச் சொல்ற ஆளைத்தான் தேடிட்டு இருந்தேன்" என்று சிரித்தார்.

இன்று அழிக்காமல் எழுதினேன். பலகையில் இடம் தீர்ந்ததும் வேறு வழியில்லாமல் பிள்ளைகள் பக்கம் திரும்பினேன். ஒரு பெண் எழுந்து, "சார், ரெண்டாவது வரி எப்படி வந்துச்சு?" என்றாள். இங்கே வந்ததிலிருந்து பிள்ளைகள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. மிச்ச நேரமெல்லாம் அந்த ஒரு வரியைப் பற்றித்தான் பேசினோம்.

இங்கே குடிவர சாமான் கட்டவா என்று நீ கேட்கும்போதெல்லாம் "அவசரப்படாதே" என்று மழுப்பினேன். என் புத்தகப் பெட்டிகளையே நான் பிரித்திருக்கவில்லை. இன்று பிரித்து அடுக்கிவிட்டேன்.

காலிப் பெட்டிகள் நல்ல கெட்டி. எடுத்துக்கொண்டு சனிக்கிழமை வருகிறேன்.

உன் முசுட்டுப் புருஷன்