ஓடிக்கொண்டிருந்த பெட்டி

ஜூலை 10, வியாழன்

காலையில் முதல் வேலை, பல் விளக்குவதற்கும் முன்னால், போனைத் திறந்து தரவு எத்தனை சதவீதம் மாறியிருக்கிறது என்று பார்த்தது. லேப் முடிந்திருந்தது. வெளியே மேகம், புழுக்கம். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் சீட்.

விழுப்புரம் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் தரவு எல்லாம், பழைய ஸ்டோரேஜ் பெட்டியிலிருந்து புதுப் பெட்டிக்கு:
லேப் – முடிந்தது. இனி புதுப் பெட்டியில்தான் ஓடும்.
ஸ்கேன் – பெரியது. நாளைக்கும் ஓடும்.
பில்லிங், மருந்துக்கடை – அதற்குப் பிறகு.

எதையும் நிறுத்தக்கூடாது. ஆள் குடியிருக்கும்போதே வீட்டை மாற்றுகிற வேலை. ஆடி பிறப்பதற்குள் பழைய பெட்டி திண்டிவனம் கிளைக்குப் போக வேண்டுமாம். மேனேஜர் ஏகாம்பரம் சார் இன்று மூன்று தடவை எட்டிப் பார்த்தார். "இன்னா மேடம், எவ்ளோ ஆச்சி? ஜல்தி பண்ணுங்க."

மதியம் ரொம்ப மெதுவானது. லேப் தரவுக்குத் தினமும் நகல் எடுக்கும் பேக்கப் குறுக்கே ஓடி வேகத்தைத் தின்றது. நிறுத்தி வைத்தேன். ஒரு நாள்தானே.

ஜூலை 11, வெள்ளி

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நின்றுவிட்டது. பத்தாகிவிட்டது போய்ச் சேர. சர்வர் அறை வாசலில் நிறைய செருப்பு. உள்ளே கற்பூர வாசனை. புதுப் பெட்டியின் நெற்றியில் சந்தனம், குங்குமம்.

திரையைப் பார்த்தேன். ஸ்கேன் 62 சதவீதத்தில் நின்றிருந்தது. லேப் செத்துக் கிடந்தது.

"பெரிய டாக்டர் கையால ஆன் பண்ணணும்னு பூஜ வெச்சோம் மேடம். ஒம்பதே காலுக்கு நல்ல நேரம்" என்றார் ஏகாம்பரம்.

"அது மூணு நாளா ஓடிக்கினுதானே சார் இருக்கு?"

"அதான், ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணோம். ஆஃப் பண்ண நான்தான் பட்டன அமுக்கினேன். அஞ்சி நிமிஷம். டிவிய அணைச்சிப் போடறதில்லையா?"

ஸ்கேன் பழைய பெட்டியிலேயே பத்திரம். லேப் தரவு திறக்கவே மாட்டேன் என்கிறது. கையில் இருப்பது நேற்று நான் நிறுத்துவதற்கு முந்தைய பேக்கப். நேற்று மதியத்திலிருந்து எடுத்த ரத்தப் பரிசோதனை ஒன்றும் அதில் இல்லை.

லேப் டெக்னீஷியன் ஸ்டெல்லா, கிளியனூர்ப் பெண், அழாமல் வேலையைப் பார்த்தாள். "யக்கா, ரிசல்ட்டு மிஷின்லயே கொஞ்சம் நிக்கும். பாத்து எழுதிக்கிறேன்." சாயங்காலம் வரை எழுதினாள். பதினோரு பேருடையது எங்கேயும் இல்லை.

மதியச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீடு திரும்பியது.

ஜூலை 12, சனி

பதினோரு பேரில் ஒன்பது பேர் மறுபடி ரத்தம் கொடுக்க வந்தார்கள். கெடாரிலிருந்து வெறும் வயிற்றோடு வந்தவர், ஸ்டெல்லாவிடம்:

"முந்தாநேத்து எடுத்த ரத்தத்த இன்னாதாம்மா பண்ண?"

"கோச்சிக்காதண்ணே. அன்னிக்கு அந்தக் கை, இன்னிக்கு இந்தக் கை."

"நாளைக்குக் கால்ல குத்துவியா?"

சிரித்துக்கொண்டேதான் கையை நீட்டினார். ஸ்டெல்லா யார் தப்பு என்று சொல்லவில்லை. நான் துணித்திரைக்குப் பின்னால் நின்றிருந்தேன், முகம் காட்டாமல்.

பிறகு ஏகாம்பரம். "கரண்ட் ட்ரிப் ஆச்சின்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துடுங்க மேடம். பூஜையாலன்னு எழுதினா பெரியவர் மனசு கஷ்டப்படும்." கதவு வரை போய்த் திரும்பினார். "பேக்கப்ப நிறுத்தினது யாருன்னு நான் கேட்டனா, பாருங்க."

கரண்ட் என்று எழுதினால் பழி எலெக்ட்ரீஷியன் முருகன் மேல்தான் விழும். அவர் அன்று லீவில்கூட இல்லை.

ஜூலை 14, திங்கள்

மழை. குடை மறந்தேன். தயிர் வாங்கவும் மறந்தேன்.

ஸ்கேன் மறுபடி முதலிலிருந்து ஓடி, மதியம் முடிந்தது. யாருக்கும் தெரியாது, கேட்கவும் இல்லை.

பெட்டி மேல் 'அணைக்காதீர்கள்' என்று ஒரு தாள் ஒட்டியிருக்கலாம். மேனேஜருக்கே எழுதி ஒட்டுவதா என்று விட்டேன். இருபது வருடமாக இப்படி எத்தனை விட்டிருக்கிறேன். பேக்கப்பை நிறுத்தும்போதும் அதே மனசு, அவர் நாலாவது தடவை எட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று.

"ரிப்போர்ட் எங்க மேடம்?" இன்று இரண்டு தடவை. "நாளைக்கு சார்."

எழுதியாயிற்று. வெள்ளி காலை பூஜைக்காக மேனேஜர் பெட்டியை அணைத்தார். வியாழன் மதியம் லேப் பேக்கப்பை நிறுத்தியது நான். இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளை ரவுண்ட்ஸ் முடிந்ததும் பெரிய டாக்டர் கையிலேயே கொடுக்கப் போகிறேன். வீட்டில் சொல்லவில்லை. ஸ்டெல்லாவிடமும்.