பெட்டி நிற்கும்வரை

11, செவ்வாய். காலையிலிருந்து பனிமூட்டம்.

இன்று சொல்லாதது: "அந்த வரி நான் எழுதியது."

பத்து மணி மீட்டிங். மலையூர்களில் போட்ட ரௌட்டர்கள் சில நாளில் உறைந்துபோகின்றனவாம். அவற்றின் மைய மென்பொருளான கெர்னலில், தரவைப் பெறும் கோப்பைக் கடைசியாகத் தொட்டவள் நித்யா, அதனால் தவறும் அவளுடையது என்றார் மேனேஜர். சேர்ந்து ஐந்து மாதம். நிரந்தரமாக்குவதா என்று வெள்ளியன்று முடிவு. "பாக்குறேன் சார்" என்றாள். நான் மைக்கைத் திறக்கவில்லை.

வரும் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்துக்கும், பாக்கெட்டுக்கும், கெர்னல் ஒரு துண்டு நினைவகம் ஒதுக்கும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். பாக்கெட் சிதைந்து வந்தால் என் வரி துண்டைத் தராமலே வெளியேறிவிடுகிறது; துண்டுகள் தீர்ந்ததும் ரௌட்டர் உறைகிறது. சென்னை ஆய்வகத்தில் சிக்னல் சுத்தம், சிதைவதே அபூர்வம். நான் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் இந்த மலையில், வாழவந்தி நாட்டில், மழை பெய்தால் பாதி சிதைந்துதான் வருகிறது. அதனால் எனக்குத் தெரிகிறது. எனக்கு மட்டும்.

12, புதன். மழை.

சோளக்காடு ஊர்ச் சந்தையில் வாங்க: பால், தீப்பெட்டி, டார்ச் செல்.

என் மேசையில் சோதனைக்கு வைத்த ரௌட்டர் பெட்டி திங்களிலிருந்து ஓடுகிறது. திரும்பாத துண்டுகள் ஏறிக்கொண்டே. இதுவே போதும். ஆனாலும் பெட்டி நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டு அலுவலகத்துக்கு எழுதலாம் என்று. ஆதாரம் என்று சொல்லிக்கொள்கிறேன். பயம்.

வீட்டுக்கார அக்கா, துணி எடுக்க வந்தவர், எட்டிப் பார்த்தார்.

"ஏன் கண்ணு, பொட்டி இன்னும் சாவலயா?"

"இல்லீங்க்கா."

"பொட்டி சாவறதப் பாக்க சம்பளம் குடுத்து உக்கார வெச்சிருக்காங்க பாரு! எனக்கும் அந்த வேலய வாங்கிக் குடு சாமி, எங்கூட்டு டிவி தெனமும் சாவுது."

சிரித்தேன். இரண்டு நாளில் நேரில் பேசிய ஒரே ஆள்.

மாலை நித்யா மெசேஜ்: "அக்கா, என் தப்பு எதுன்னே தெரியல. நான் இதுக்கு லாயக்கில்லையோ?" மூன்று முறை அடித்து அழித்தேன். "சாப்பிட்டியா?" என்று அனுப்பினேன்.

13, வியாழன். வெயில். வேண்டாத வெயில்.

சிக்னல் தெளிவு, எண்ணிக்கை ஏறவே இல்லை. பாக்கெட் வந்து நிற்கும்போது கெர்னல் காத்திருக்கக் கூடாது. நினைவகத்தில் இடம் இருந்தால் எடு, இல்லையேல் விடு. புதிதாய்ச் சேர்ந்தபோது நித்யாவுக்கு இதை விளக்கியது நான்தான்.

மூன்று நாளாகப் புத்தகம் ஒன்றைத் திறந்து வைத்து, அதே பக்கம்.

14, வெள்ளி. மீண்டும் மழை.

பகல் 2.10, பெட்டி நின்றது. 2.25, போனிலிருந்து மெயில், எல்லோருக்கும்: தவறு என்னுடையது, நித்யாவின் மாற்றத்துக்குத் தொடர்பில்லை, திருத்தம் இணைப்பில்.

2.40, மேனேஜர்: "நல்ல வேலை."

நித்யாவின் அலுவலக முகவரிக்கு மெயில் போய்ச் சேரவில்லை. காலை பதினொரு மணிக்கே அவளை வேலையிலிருந்து விடுவித்துவிட்டார்கள்.