கல்யாணத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரிக்குப் போனவள்

எப்போதும் எனக்கு முன்னால் நடந்த என் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. ஈப்போவில், நம் குனோங் ராபாட் வீட்டில் இன்று உனக்குப் படையல் போட்டோம். உன் மகள் கமலா, ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து பிள்ளைகளோடு வந்திருந்தாள். சின்னவள் உன் படத்தைப் பார்த்து, "பாட்டி ஏன் இவ்ளோ பெருசா சிரிக்கிறாங்க?" என்று கேட்டாள். எதைச் சொல்ல, எதை விட?

எழுபதுகளின் தொடக்கத்தில், கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பாலுக்கு மரம் வெட்டப் போனவள் பாதி மர நிரையிலேயே உட்கார்ந்துவிட்டாய். கால் இரண்டும் வீங்கியிருந்தன. படுத்தால் மூச்சு முட்டியது. இருதயம் பலவீனமாகிவிட்டது, அதனால்தான் உடம்பில் தண்ணீர் சேர்கிறது, இது முழுசாகக் குணமாகாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். தோட்டத்து லயத்து வீட்டுச் சனங்கள் அப்போதே உனக்காக அழுதுவிட்டார்கள்.

யாழ்ப்பாணத்து டாக்டரம்மா மட்டும் வேறு மாதிரிப் பேசினார். "மருந்து நான் தருவன். மிச்சம் உங்கட கையிலதான். உப்பைக் குறையுங்கோ. ஒவ்வொரு நாளும் காலமை எழும்பினதும் நிறை பாருங்கோ. திடீரெண்டு கூடினா, காத்திருக்காமல் இங்க வாங்கோ."

"நிறை பாக்க எங்க வீட்ல தராசு ஏது டாக்டர்?" என்றாய். அதற்கு நீயே வழி கண்டுபிடித்தாய். ஈப்போவுக்குக் குடிவந்த பிறகு, தினமும் காலையில் மளிகைக்கடைச் சீன முதலாளி தவுக்கேயின் அரிசி மூட்டைத் தராசில் ஏறி நிற்பாய். கடைக்கு வந்த பெண்கள் சிரிப்பார்கள். நீயும் சேர்ந்து சிரிப்பாய், ஆனால் முள் நிற்கும்வரை இறங்க மாட்டாய். கருவாடு இல்லாமல் சோறு இறங்காதவள், கருவாட்டை விட்டாய். அடிக்கடி ஒன்றுக்குப் போகவைக்கும் அந்தத் தண்ணி மாத்திரையை, பஸ் ஏறும் நாளில் டாக்டரம்மாவைக் கேட்டு நேரம் மாற்றிக்கொண்டாயே தவிர, நிறுத்தியதே இல்லை.

கமலாவின் கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தவுக்கே முள்ளைப் பார்த்துவிட்டு, "சுடா நாயிக் லா, ஆச்சி," என்றார். எடை ஏறிவிட்டதாம். நீ குனிந்து கணுக்காலை அழுத்திப் பார்த்தாய். குழி விழுந்தது. வீட்டுக்கு வந்து நேரே பையை எடுத்தாய்.

நம் பெரியண்ணன் வாசலில் மறித்தார். "பந்தக்கால் நட்டாச்சு. பொண்ணோட அம்மா ஆஸ்பத்திரில படுத்தா சம்பந்தி வீட்ல என்னா நெனைப்பாங்க? கல்யாணம் முடியட்டும், அப்புறம் போலாம்லா."

"முடிஞ்சப்புறம்னா என்னைத் தூக்கிட்டுத்தான் போவணும், அண்ணே. இப்ப நானே நடந்து போறேன். வழி விடுங்க."

அண்ணன் ஒதுங்கினார். பின்னால் ஓடிவந்த எனக்குப் பயமாக இருந்தது. உனக்கு இருந்ததா, அக்கா? மூச்சு வாங்க வாங்க நடந்தாயே, ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லையே.

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா வார்டுக்குள் நுழைந்தார். கல்யாணத்தை நிறுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ நர்ஸிடம் கேட்டுக்கொண்டு ஒரு கிண்ணத்தைத் திறந்தார். "இன்னிக்கு வந்த மீனு, சம்பந்தி. உப்பே போடல, எலுமிச்சம்பழம் புழிஞ்சிருக்கேன். நல்லா தேறி வாங்க. நீங்க வராம தாலி கட்ட விடமாட்டேன்."

அத்தனை வருட நோயில் நீ அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் வீக்கம் வடிந்து வீடு திரும்பினாய். மறுநாள் மண்டபத்தில் பச்சைப் பட்டு உடுத்தி, உன் வீட்டுக்காரர் மாமாவின் பக்கத்தில் நிமிர்ந்து நின்று தாரை வார்த்தாய். சொம்பு உன் கையில் ஆடவே இல்லை. "என் தங்கச்சி சொன்னா சொன்னதுதான்லா!" என்று அண்ணன் பந்தியில் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார், ஏதோ அவரே அனுப்பிவைத்த மாதிரி.

அதற்குப் பிறகும் எத்தனை தீபாவளி! பேத்திகள் இருவரையும் நீதான் குளிப்பாட்டினாய். ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே உன் இருதயம் நின்றது. நோய் உன்னை ஜெயித்துவிட்டது என்று யாரும் என்னிடம் சொல்ல முடியாது. அதை இத்தனை வருடம் உன் சொல்படி நடக்கவைத்தவள் நீ.

இன்னொன்று. இதை முதலில் உன்னிடம்தான் சொல்கிறேன். கொஞ்ச நாளாகப் படியேறினால் எனக்கும் மூச்சு வாங்குகிறது. பயப்படாதே, அக்கா. திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கப் போகிறேன். அவர் என்ன சொன்னாலும் செய்வேன், சத்தியம். எனக்கு இன்னும் நிறைய நாள் வாழ ஆசையாக இருக்கிறது.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி பாக்கியம்