தொட்டிக்கு அடியில் விரித்த காகிதம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் தங்கையும் சுகம், உன் மீன்கள் ஏழும் சுகம். நீ சுகமாக இருக்கிறாய் என்பதைத் தங்கை சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன், உன் வாயால் கேட்டு ஆறு வாரம் ஆகிவிட்டது. என் கையெழுத்தை மருந்துக்கடைக்காரர்கூடப் படிக்கமாட்டார் என்று கேலி செய்வாய் அல்லவா, அதனால் நான் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். போனிலேயே சொல்லிவிடலாம் என்று மூன்று முறை எடுத்தேன், மணி அடிப்பதற்குள் வைத்துவிட்டேன். திட்டுவதற்கு மட்டும் அன்றைக்கு எப்படி அவ்வளவு வேகமாக வாய் வந்ததோ.

அன்று நடந்ததை முழுதாகச் சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு நான் கத்தினது மட்டும்தான் தெரியும். ஆஸ்பத்திரியில் துடைத்துப் பெருக்கிவிட்டு வீடு திரும்பினால் கூடம் முழுக்கத் தண்ணீர், கட்டிலுக்கு அடியில் என் செருப்பு மிதக்கிறது. மீன் இருக்கிற மேல்தொட்டியிலிருந்து வழிகிற தண்ணீர் வந்து விழுந்து வடிந்து மோட்டார் வழியாக மறுபடி மேலே ஏறுமே, நீ அக்ரிலிக் பலகை வாங்கி அறுத்து ஒட்டிச் செய்த அந்தக் கீழ்த்தொட்டி, மூலையில் ஒட்டு விட்டுப்போயிருந்தது. கீழ்வீட்டு டீச்சர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படியேறி வந்து, உங்க வீட்டு மீனு எங்க வீட்டுக்கு எப்ப வருதுன்னு பாத்துக்கிட்டு இருக்கோம் என்றார். எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. அவர் பக்கத்தில் நிற்கும்போதே உன்னைக் கூப்பிட்டேன், அவர் காதிலும் விழட்டும் என்று போனைச் சத்தமாக வைத்தேன். படிப்பையும் பாதியில விட்ட, பசையையும் பாதி வச்சுட்டுப் போயிட்ட, எதையாவது ஒழுங்கா முடிச்சிருக்கியா என்றேன். நீ சரிம்மா என்று மட்டும் சொன்னாய். அந்த சரிம்மா இன்னும் என் காதிலேயே நிற்கிறது.

மறுநாள் ஹார்டுவேர் கடையில் ஒரு சிலிக்கான் பசை டியூப் வாங்கி, நானே மூலை முழுவதும் அப்பிவிட்டேன், தோசைக்கு மாவு ஊற்றினதுபோல என்று உன் தங்கை முணுமுணுத்தாள். இரண்டாம் நாளே அது தோல் உரிகிற மாதிரி முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அக்ரிலிக்கில் அது பிடிக்காதாம். அதற்குப் பிறகுதான் இவள், கடைக்கு எடுத்துப் போலாம்மா என்றாள். பெயர்ப்பலகைக் கடையில்தானே வேலை பார்க்கிறாள், அங்கே இதே பலகையைத்தான் நாளெல்லாம் அறுக்கிறார்கள் ஒட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் எழுந்து பதில் சொல்ல வெட்கப்பட்டே படிப்பை நிறுத்தின பெண், அவளாக ஒரு யோசனை சொன்னது அதிசயம்தான். மீன்களைப் பெரிய தொட்டியிலேயே காற்று மோட்டாரோடு விட்டுவிட்டு, கீழ்த்தொட்டியைப் போர்வையில் சுற்றி இரண்டு பேரும் தூக்கிக்கொண்டு போனோம்.

கடைக்காரர் அதை விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தார். மூட்டு ஓரமாக உள்ளே நரைமுடி போல நூறு கோடுகள். ஒட்டினவன் நல்லாத்தான் ஒட்டியிருக்கான், ஒரு குமிழிகூட இல்ல, இத ஸ்பிரிட்டு போட்டுத் தொடச்சது யாரு என்று கேட்டார். ஸ்பிரிட் பட்டால் இந்தப் பலகை உள்ளுக்குள்ளேயே வெடிப்பு விடுமாம், அதுவும் ஒட்டின இடத்தில். நான்தானப்பா. ஆஸ்பத்திரியில் எல்லாவற்றையும் அதனால் துடைத்துப் பழகின கை, உன் தொட்டி பளபளவென்று இருக்கவேண்டும் என்று நீ வெளியூர் வேலைக்குப் போன நாளிலிருந்து ஒரு நாள் விடாமல் துடைத்தேன். உன் ஞாபகம் வந்தால் துடைப்பேன். வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே. நான் நின்றேன், இவள் நான்தான் தொடச்சேன் என்றாள். அவர் பிடித்துக்கொண்டார். இங்கயே வேல பாக்குற, இதுகூடத் தெரியலன்னா உன்ன நம்பி நான் எதக் குடுக்கறது என்று மற்ற ஆட்கள் முன்னால் வாங்கு வாங்கென்று வாங்கினார். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பெற்றவள் செய்கிற வேலையா இது. இதை எழுதாமல் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எழுதுடி என்று அதட்டித்தான் எழுதவைத்திருக்கிறேன். அடுத்த நாள் நானே போய்க் கடைக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு, அதுக்கு ஏம்மா அந்தப் புள்ள திட்டு வாங்குச்சு என்றார்.

விடுமுறை நாளில் கடையைத் திறந்துகொடுத்தார். இவள்தான் எல்லாம் செய்தாள். ஒட்டியிருந்த சிலிக்கானைப் பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் மட்டும் கழுவிக் காயவைத்தாள். தண்ணீர் மாதிரி ஓடுகிற பசையை ஊசியில் ஏற்றி மூட்டு ஓரமாக விட்டாள், அது தானாக உள்ளே இழுத்துக்கொண்டு ஓடுகிறது. அதற்கு மேல் உள்பக்கமாக இரண்டு விரல் அகலத்துக்குப் புது அக்ரிலிக் பட்டை வைத்து ஒட்டினாள். நர்ஸுகள்கூட இவ்வளவு நிதானமாக ஊசி பிடித்து நான் பார்த்ததில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து அடியில் பழுப்புக் காகிதம் விரித்து, முதல் நாள் கால் தொட்டி, அடுத்த நாள் அரை, பிறகு முழுசாக நிரப்பி மூன்று நாள் வைத்தோம். ஒரு சொட்டு விழுந்தாலும் இந்தக் காகிதம் பொங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். இந்தக் கடிதம் எழுதியிருப்பதே அந்தக் காகிதத்தில்தான், தடவிப் பார். ஓரத்தில் வட்டமாக இருப்பது என் டீ டம்ளர், அதை வைத்துச் சந்தேகப்படாதே.

கீழ்வீட்டு டீச்சரிடமும் சொல்லிவிட்டேன், என் மகன் ஒட்டினதில் குறை இல்லை என்று. அவர் காதில் விழவேண்டும் என்று உன்னைத் திட்டினேன், அதனால் இதுவும் அவர் காதில் விழவேண்டும். படிப்பைப் பற்றிச் சொன்னதையும் திரும்ப எடுத்துக்கொள்கிறேன், அந்த வயதில் உன் தலையில் வீட்டைத் தூக்கி வைத்தவள் நான். நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத்தலையோடு வேலைக்குப் போகாதே. நீ எங்கே இருந்தாலும் கை வைத்த காரியம் நிலைக்கட்டும், நல்லவர்கள் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்பிரிட் பாட்டிலை வீட்டைவிட்டு அனுப்பியாயிற்று. அம்மாவோடு ஒருமுறை பேசு. கோபமாகப் பேசினாலும் சரி.

உன்னை நோகடித்த,
அம்மா

அண்ணா, இது நான். அம்மா கொடியில் துணி எடுக்கப் போயிருக்கிறாள். தண்ணீர் வழிந்த அன்றே, தரையைத் துடைக்கும்போது அந்தக் கோடுகளைப் பார்த்துவிட்டேன். ஸ்பிரிட் பட்ட பலகை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், கடையில் வாரத்துக்கு ஒன்று அப்படித் திரும்பி வரும். அம்மா உன்னிடம் கத்திக்கொண்டிருந்தபோது நான் ஈரத்துணியோடு பக்கத்தில்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். டீச்சர் வேறு இருந்தார், வாய் வரவில்லை. பிறகு ஒவ்வொரு நாளும் நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். கடையில் நான்தான் என்றது அம்மாவைக் காப்பாற்ற இல்லை. அப்போதாவது யாராவது என்னைத் திட்டட்டும் என்று இருந்தது. அம்மா என்னைப் பற்றி நல்லதாகச் சொல்லச் சொல்ல, எழுதக் கை கூசியது. உறையை ஒட்டுவதற்கு முன்னால் முதலிலிருந்து கடைசிவரை படித்துக்காட்டச் சொல்லியிருக்கிறாள். இதையும் சேர்த்துத்தான் படிப்பேன். குரல் இறங்கினால் சத்தமாகப் படிடி என்பாள். சத்தமாகவே படிக்கிறேன்.

உன் தங்கை